வீட்டுக்காரர் வரும் சத்தம்

“கூட யாரும்மா வந்திருக்கா?”

நர்ஸ் கேட்டது இவ்வளவுதான். டப்பாக்கா திரும்பித் தனக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள், தனக்கே தெரியாமல் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்களோ என்பதுபோல.

“யாரும் வரலை.”

“அதெப்படி? இப்பதான் கண்ணை இருட்டிக்கிட்டு வந்து கீழ உட்கார்ந்தீங்க. ஆயா பிடிக்கலைன்னா மண்டை உடைஞ்சிருக்கும். உங்களைத் தனியா அனுப்ப முடியாது.”

“நான் எல்லா இடத்துக்கும் தனியாத்தான் போவேன்.”

“நெஞ்சு படபடப்புன்னு வந்திருக்கீங்க. அதோட மயக்கமும் வந்தா சும்மா விடமாட்டாங்க எங்க டாக்டர்.”

டப்பாக்கா என்பது பேக்கரிக்காரர்கள் வைத்த பெயர். கேக் வைக்கிற அட்டை டப்பாக்களை மடித்துக் கொடுப்பது அவள் வேலை. தட்டையான அட்டைகள் கட்டுக்கட்டாக அவள் அறைக்கு வரும். கோடு போட்ட இடங்களில் நகத்தால் அழுத்தி மடித்து, காதுகளைப் பிளவுகளில் செருகி, மூடியைச் சாய்த்தால் டப்பா எழுந்து உட்காரும். மூடியில் ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று அச்சிட்டிருக்கும். ஊரில் பாதிப்பேருக்கு அவள் கை வழியாகத்தான் வாழ்த்து போகிறது. அவளுடைய பிறந்தநாள் என்றைக்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பேக்கரிக்காரர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் கேக் கொடுக்க வேண்டி வருமே என்று பயந்தாரோ என்னவோ.

சில மாதங்களாகத்தான் இந்தத் தொல்லை. டப்பா மடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை உதறுவதுபோல இருக்கும். ஒரு துடிப்பு தவறும். அடுத்தது தடாலென்று வந்து விழும். பிறகு விரட்டிப் பிடிக்கிற மாதிரி ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அறையில் இருப்பவை அவளும், வாயைத் திறந்து வைத்திருக்கும் காலி டப்பாக்களும்தான். அவற்றிடம் என்னத்தைச் சொல்வது?

“சரி, வீட்ல யாருமே இல்லையா?” என்றாள் நர்ஸ்.

“கீழே வீட்டுக்காரர் இருக்கார்.”

வீட்டுக்காரர் என்கிற சொல் நம் மொழியில் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. கட்டிய கணவனுக்கும் அதுதான். வாடகை வாங்குகிறவருக்கும் அதுதான். டப்பாக்கா சொன்னது வாடகை வாங்குகிறவரை. ஆனால் நர்ஸுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் காதில் எது விழுந்திருக்கும்?

“அதை முதல்ல சொல்லக் கூடாதா! கூப்பிடுங்க, வரட்டும்.”

“ஐயோ, வேண்டாம்மா. அவருக்குத் தெரியவே கூடாது.”

“நெஞ்சு சம்பந்தப்பட்டதும்மா!”

“நெஞ்சுன்னா கண்டிப்பா தெரியக் கூடாது. வீட்டை விட்டு அனுப்பிடுவார்.”

நர்ஸ் வாயைப் பிளந்தாள்.

டப்பாக்காவின் பயம் நியாயமான பயம். அவள் குடிவந்தபோதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கக் கூடாது. முன்பு மாடியில் இருந்த பெரியவர் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் குடிவராமல் அறை பூட்டியே கிடந்தது. தனியாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு, அதுவும் அறை கொள்ளாத அட்டையோடு வருகிறவளுக்கு, அவர் வீடு கொடுத்ததே அதனால்தான். அதற்கு முன் அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. இன்னொரு முறை ஏறி இறங்கத் தெம்பும் இல்லை.

எனவே அவள் ஒரு சின்னப் பொய் சொன்னாள்.

“அவர் வெளியூர் போயிருக்கார்மா.”

“அப்போ ராத்திரி நீங்க இங்கேயே தங்கிடுங்க. பெட் போடச் சொல்றேன்.”

“இல்ல இல்ல! வந்துட்டார். வந்துட்டார். கீழேதான் இருக்கார்.”

கீழ் வீட்டில் என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்கு மேல், மாடியில் இருந்தது. இருதய நோய்க்காரர்கள் மாடியேறி வரும்படி ஆஸ்பத்திரி கட்டிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. லிஃப்ட் இருந்தது, ‘பழுது’ என்ற அட்டையோடு. நர்ஸ் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

“மேல மயக்கம் போட்ட அம்மாவோட வீட்டுக்காரர் யாருங்க?”

கீழே வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒரே நேரத்தில் “நான்தான்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுடைய மனைவிமார் இருவரும் உள்ளே மயங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். “உங்களுக்கு அவ்வளவு அவசரமா?” என்று ஒருத்தி கணவனைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டையைத் தீர்க்க நர்ஸ் போனபோது, டப்பாக்காவை டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

டாக்டர் ஒரு பெண்மணி. டப்பாக்காவின் கையிலும் காலிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டவைத்தார். பக்கத்தில் ஒரு மானிட்டர் ‘பீப்… பீப்…’ என்று நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தது.

“எப்படி இருக்கும்னு சொல்லுங்க. வேகமா அடிக்குமா, விட்டு விட்டு அடிக்குமா?”

“முதல்ல ஒண்ணை விட்டுடும் டாக்டர். அப்புறம் விட்டதையும் சேர்த்து அடிக்கும்.”

“வந்தா என்ன பண்ணுவீங்க?”

“ஒரு டீ போட்டுக் குடிப்பேன்.”

“நிக்குமா?”

“நிக்காது. அதனால இன்னொரு டீ.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “வேற மருந்து ஏதாவது?”

“இருமலுக்குக் கடையில கேட்டு ஒரு டானிக் வாங்கினேன். அதைக் குடிச்ச ராத்திரி நெஞ்சு கயிறு தாண்டி விளையாடும்.”

“அதை இன்னிக்கே தூக்கிப் போடுங்க. சில சளி மருந்து அப்படித்தான் பண்ணும். நெஞ்சு வலிக்குமா? மூச்சு முட்டுமா? இதுக்கு முன்னாடி மயக்கம்?”

“எதுவும் இல்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை. காலையில சாப்பிடலை. டெஸ்டுக்குப் போறப்ப வெறும் வயித்தோட போகணும்னு பஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க.”

“அந்த அம்மா எந்த ஆஸ்பத்திரியில டாக்டராம்? சரி, இந்தப் படபடப்பு எப்ப அதிகமா வருது?”

டப்பாக்கா யோசிக்கவே இல்லை. “வீட்டுக்காரர் படியேறி வரும்போது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸ் அதற்குள் அவர் காதில் ஏதோ ஓதியிருந்தாள்.

“அவர் உங்ககூட இருக்கலையா?”

“அவர் கீழே, நான் மாடியில. கொஞ்சம் படி ஏறுவார், நிப்பார். மறுபடி ஏறுவார், நிப்பார். ஒட்டுக் கேக்குறாரோன்னு இருக்கும். கதவுகிட்ட வந்தா உடனே பேசமாட்டார். செவுத்துல கைய வெச்சுக்கிட்டு முறைச்சுப் பார்ப்பார். எனக்கு உசுரே போயிடும்.”

“அடிப்பாரா?”

“கதவைத்தான்.”

டாக்டரின் முகம் மாறுவதைக் கண்டு டப்பாக்கா அவசரமாக அவருக்குப் பரிந்து பேசினாள். “கெட்டவர் இல்ல டாக்டர். மாசம் பொறந்தா பணத்தைக் கையில கொடுத்துடுவேன். அப்ப சிரிப்பார்.”

“நீங்க… அவருக்கு… பணம்?”

“ஒழுங்கா கொடுக்கலைன்னா வெச்சுக்குவாரா? வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா கையெழுத்தும் போடுவோம். பிடிக்கலைன்னா ரெண்டு பேருல யாரு வேணும்னாலும் முன்கூட்டியே சொல்லிட்டு விலகிக்கலாம்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குழந்தைங்க?”

“அவருக்கு ஒரு பையன், வெளிநாட்டுல. எனக்கு இல்லை.”

டாக்டர் நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தார். டப்பாக்காவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார். “எத்தனை வருஷமா பொறுத்துக்கிட்டு இருக்கீங்க? இப்படி ஒரு புருஷனோட எந்த நெஞ்சுதான் படபடக்காது?”

அப்போதுதான் டப்பாக்காவுக்கு உறைத்தது. ‘ஐயையோ, அவர் வாடகை வீட்டுக்காரர்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

அந்தக் கை சூடாக இருந்தது. அவள் கையை இப்படி யாராவது பிடித்துக்கொண்டு எவ்வளவு காலம் ஆயிற்று? பேக்கரிக்காரர் ரூபாயை விரல் படாமல்தான் கொடுப்பார். உண்மையைச் சொன்னால் டாக்டர் சிரிப்பார், கையை எடுத்துவிடுவார். எப்படியும் எடுக்கத்தான் போகிறார். கொஞ்சம் கழித்து எடுத்தால் என்ன? டப்பாக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. புருஷன் உள்ளவளாக, அதுவும் ஊரே இரக்கப்படும்படி ஒரு புருஷன் உள்ளவளாக, ஒரு நிமிஷம் இருந்து பார்த்தாள். மானிட்டர் நிதானமாகப் பாடியது.

வெளியே நர்ஸ் மேஜைமேல் அவள் விட்டுவந்த பைக்குள் போன் அடித்தது.

“அக்கா! ‘வீட்டுக்காரர்’னு வருது!” என்றாள் நர்ஸ், புதையல் எடுத்தவள்போல.

“எடுக்காதேம்மா!” டப்பாக்கா எழுந்தாள். ஒயர்கள் பிடித்து இழுத்தன. விழுந்தாள், படுக்கையில்.

நர்ஸ் எடுத்துவிட்டாள். பாதி திறந்த கதவு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“ஹலோ, வீட்டுக்காரர் சார்தானே? அவங்களால இப்ப பேச முடியாது. உங்க மனைவி இங்கதான் சார் இருக்காங்க… ஆமா, மேல… மேலதான். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் வந்து சேருங்க.”

வீட்டுக்காரருடைய மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

“சார்? சார்? பேச்சையே காணோமே…” நர்ஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். “‘இப்பவேவா?’ன்னு கேக்குறார் டாக்டர்.”

“இப்பவேதான்! வரச் சொல்லு. இன்னிக்கு நான் அவரை ஒரு கை பார்க்கணும்.”

“இப்பவேதானாம் சார். மருந்துக்கடைக்கு மேல இருக்கே, அந்த ஆஸ்பத்திரிதான்… என்னது? அவங்க பேரா?” பேரைச் சொன்னாள். “ம்ம். ம்ம்.” திரும்பி வந்தாள். “பேரைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார் டாக்டர். சரின்னு வெச்சுட்டார். கட்டின பொண்டாட்டி பேரைக்கூடக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு!”

டப்பாக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வீடு போயிற்று. மனக்கண்ணில் அட்டைக் கட்டுகளைத் தெருவில் இறக்கி வைத்தாள். மேலே ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்த பக்கம் மழையில் நனைந்தது.

ரொம்ப நேரம் ஆகவில்லை. வெளியே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் படி. நின்றது. இன்னும் கொஞ்சம் படி. நின்றது.

‘பீப் பீப் பீப்பீப்பீப்பீப்’ என்று மானிட்டர் அலறியது.

“இதோ! இதோ! இதைத்தான் பிடிக்கணும்னு இருந்தேன். அசையாதீங்க!” டாக்டர் பொத்தானை அழுத்தினார். கோடு போட்ட காகிதம் நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வேகம்தான் அதிகம். தாளம் தப்பலை. பயந்துபோன நல்ல இருதயம். யாரு வர்றது?”

“வீட்டுக்காரர்.”

“கதவே திறக்கலையே?”

“சத்தம் தெரியும் டாக்டர்.”

கதவு திறந்தது. வீட்டுக்காரர் நின்றார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தன. சுவரில் கையை வைத்துக்கொண்டு, பேசாமல் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார்.

டாக்டர் எழுந்து அவரிடம் போனார். “நீங்கெல்லாம் ஒரு மனுஷனா? கீழ ஒரு வீடு, மேல ஒரு வீடு, மாசாமாசம் பணம் வேற! உங்க காலடிச் சத்தம் கேட்டாலே பொண்டாட்டிக்கு நெஞ்சு இந்த அடி அடிக்குதே, வெட்கமா இல்ல?”

வீட்டுக்காரர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். “இவங்க… என் பொண்டாட்டி இல்லைங்க. மாடியில குடியிருக்காங்க.”

மானிட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

“நீங்கதானே வீட்டுக்காரர்னு…” என்று நர்ஸ் இழுத்தாள்.

“வீட்டுக்குத்தாம்மா காரர். இவங்களுக்கு இல்லை.”

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி டாக்டரானார். டப்பாக்கா எதிர்பார்த்தபடியே, கையை மட்டும் மறுபடி வந்து பிடிக்கவில்லை.

“கேட்டுக்கோங்க. பெருசா பயப்பட ஒண்ணும் தெரியலை. டீ, அந்த டானிக், தூக்கமில்லாதது, அதோட கண்ணெல்லாம் வெளுத்திருக்கு, ரத்தமும் கம்மி. அதுக்கு மாத்திரை எழுதி ஆயாவை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். மயக்கம் வந்ததால ஸ்கேன் ஒண்ணும் எடுத்துப் பார்த்துடலாம், அடுத்த வாரம் வாங்க. எப்பவாவது வந்து தானா நின்னா மெதுவா மூச்சு விட்டுட்டு உட்காருங்க. ஆனா படபடப்போட நெஞ்சு வலி, மூச்சு முட்டல், மயக்கம் இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடிச்சுக்கிட்டு நிக்காம போனாலோ, டீ போடக் கூடாது. யாருக்குத் தெரிஞ்சா என்னன்னு ஒளிக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.”

டப்பாக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். “நெஞ்சு நல்லாத்தான் இருக்காம் சார். ஆம்புலன்ஸெல்லாம் வராது.”

அவர் வேறெங்கோ பார்த்தார். “இப்ப யாரு ஆம்புலன்ஸைக் கேட்டா?”

“மீதி வியாதி நீங்கதான்,” என்றார் டாக்டர் அவரிடம். “எதுக்கு இவங்க கதவைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?”

“மோட்டார் போடுற விஷயமா…”

“தினமுமா?”

“ஒரு நாள் மோட்டார். ஒரு நாள் படிக்கட்டு பல்பு.”

“போன வாரம் மொட்டை மாடியில காக்கா வந்துச்சான்னு கேட்டார் டாக்டர்,” என்றாள் டப்பாக்கா.

“வந்துச்சா?” என்றாள் நர்ஸ்.

“வரலை. முன்னெல்லாம் இப்படி இல்ல. மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மழைக்காலத்துல பையனைப் பார்க்கப் போறேன்னு வீட்டைப் பூட்டிட்டுப் போனார். பாதி ஆளா இளைச்சுத் திரும்பி வந்தார். அதுலேர்ந்துதான் இப்படி. எப்ப காலி பண்ணச் சொல்லப் போறாரோன்னு ஒவ்வொரு தடவையும்…”

“நான் எப்பம்மா காலி பண்ணச் சொன்னேன்? இன்னிக்கு மேல வந்தேன், பூட்டியிருந்துச்சு. அதான் போன் பண்ணேன்.”

“எதுக்கு வந்தீங்க இன்னிக்கு?” என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் யோசித்தார். “மறந்துபோச்சு.”

“பார்த்தீங்களா? இனிமே மேல போகாதீங்க. ஏதாவது சொல்லணும்னா போன்ல சொல்லுங்க. இவங்களுக்கு நான் கொடுக்குற முதல் மருந்து அதுதான்.”

“சரி,” என்றார் அவர்.

“சரி,” என்றாள் டப்பாக்காவும்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். வீடு தப்பியது, நெஞ்சும் தப்பியது. ஆனால் அவளுக்கு நாளைய பொழுது கண்முன் வந்தது. அட்டை, நகம், மடிப்பு. அட்டை, நகம், மடிப்பு. வெயில் சுவரில் ஏறி இறங்கிவிடும். படிக்கட்டில் சத்தம் இருக்காது. அவள் கதவைத் தட்டுகிற கை என்று இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது சீட்டு எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். மானிட்டர் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. ‘பீப்… பீப்…’ காலி வீட்டில் சொட்டுகிற குழாய்போல.

“இனிமே அவர் கதவைத் தட்டினா எனக்குச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேங்க்கா,” என்று நர்ஸ் ஒயர்களைக் கழற்றினாள். ஒவ்வொன்றும் தோலை லேசாக இழுத்துவிட்டு வந்தது.

அப்போது மாத்திரைப் பையோடு ஆயா உள்ளே வந்தாள். வீட்டுக்காரரைக் கண்டதும் நின்றாள்.

“அட, காலையில வர்ற நம்ம இன்னொரு டாக்டரோட பேஷண்ட் அண்ணன்! என்ன இந்த நேரத்துல?”

“அவரை உங்களுக்குத் தெரியுமா ஆயா?” என்றார் டாக்டர். “அவரை இனிமே மாடிப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“ஏறக் கூடாதா? நல்லா இருக்கே கதை! மழைக்காலத்துல அட்டாக் வந்து இங்க ஒத்தையில படுத்துக் கிடந்தாரே, அப்போ ‘தினமும் ஒரு தடவை மெதுவா மாடி ஏறணும்’னு சொன்னதே அந்த டாக்டர்தான். ‘மேல ஒரு பொம்பளைப்பிள்ளை தனியா இருக்கு, காரணமில்லாம எப்படிம்மா போய் நிக்கிறது’ன்னு அண்ணன் கூச்சப்பட்டப்போ, மோட்டாரு பல்புன்னு எதையாவது கேட்டுக் கதவைத் தட்டுங்கன்னு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்!”

வீட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆயா கையிலிருந்த டப்பாக்காவின் மாத்திரைப் பையை வாங்கினார். கதவைத் தட்டப் புதுக் காரணம் ஒன்று கிடைத்ததுபோல அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். படிக்கட்டில் கொஞ்சம் படி கேட்டது. நின்றது. மறுபடி கொஞ்சம் படி.